மூச்சுப்பை

அன்று காலை என் கணவர் தணிகைநாதன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு வெள்ளிப் பைக்குள் ஊதிக்கொண்டிருந்தார். காளான் மாவு அடைத்து வரும் பை அது. கழுவிக் காயவைத்து, வாயில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, இறுக்கமாக ஒரு கிளிப் போட்டால் மூச்சுப்பை தயார். நெடுங்குழலில் அது இல்லாத வீடு கிடையாது. இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் வீடும் கிடையாது.

“உங்க விழாவுக்கு நீங்களே பை அனுப்பறீங்களா? நல்லா இருக்கு” என்றேன்.

“விழாவுக்குப் போகலாம் வல்லி, தலைவர் வாகீசனுக்குத்தான் போக முடியாது. அவர் பேச ஆரம்பிச்சா மதியம் ஆயிடும். தலை ரெண்டா பிளக்குது. மாத்திரை போட்டுட்டுக் கொஞ்சம் படுக்கறேன். முடிவு சொல்றதுக்கு முன்னாடி வந்துடுவேன்.”

“ஜெயிச்சா மாலை போடுவாங்களே, பைக்குப் போடச் சொல்லவா?”

“தோத்தா திட்டுவாங்க. அதையும் பையே வாங்கிக்கட்டும்.”

சிரித்தார். சிரித்ததில் வலி கூடி, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய குழுவில் வேலை செய்யும் குணாளன் வாசலுக்கு வந்து, “அண்ணே, இன்னிக்குமா?” என்று கேட்டபடியே பையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் நான் விளக்கைத் தணித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவ்வாயின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடி வடிந்தபின் எஞ்சிய நீண்ட குகைதான் நெடுங்குழல். இரு முனைகளையும் அடைத்து, உள்ளே வீடுகளும் பள்ளியும் காளான் பண்ணையும் கட்டினார்கள். சரிவில் இருப்பதால் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகச் சொல்வோம். நடுவில் பெரிய கூடம். பனிக்கட்டியை உடைத்துத்தான் காற்றைத் தயாரிக்க வேண்டும். அது ஒருபோதும் போதிய அளவு கிடைத்ததில்லை. ஆகவே ஆளில்லாத அறையில் காற்று வைத்திருப்பதில்லை. பூமியில் வெளியே போகும்போது விளக்கை அணைப்பதைப் போல, இங்கே காற்றை இறக்கிவிடுவார்கள்.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அறிய அறைக்கு அறை உணரிகள் இருந்தன, என் பெற்றோர் காலத்தில். செம்மண் தூசி அவற்றைத் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒவ்வொரு கதவிலும் ஓர் ஊதுகண். நுழையும்போது அதில் ஊத வேண்டும். ஒருவர் மூச்சின் வாசம் இன்னொருவருக்கு இருக்காது என்பதால் அது ஆளை அறிந்துகொள்ளும். அறிந்ததை இருப்புப் பலகைக்கு அனுப்பும். கடைசியாக எந்தக் கதவில் ஊதினீர்களோ, பலகையைப் பொறுத்தவரை நீங்கள் அந்த அறையில் இருக்கிறீர்கள்.

இதே பலகையைத்தான் பொதுவேலைக்கும் வருகைப் பதிவாக வைத்துக்கொண்டார்கள். தூசி வாருதல், வடிகட்டி துடைத்தல், மாதக் கூட்டம் கேட்டல் எல்லாம் கட்டாயம். கட்டாயம் என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. வகுப்பறையில் வராத நண்பனின் பெயருக்குக் குரலை மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாங்கள். தன் மூச்சைப் பையில் பிடித்துக் கூட்டாளியிடம் கொடுத்தனுப்புவோம். அவர் தன் மூச்சை ஊதிவிட்டு, நம் பையையும் அமுக்குவார். பலகையில் நாம் தூசி வாரிக்கொண்டிருப்போம். உண்மையில் வீட்டில் படுத்திருப்போம். பிடிபட்டால் இரட்டிப்புத் தூசி வேலை. ஆனால் யாரும் யாரையும் பிடித்ததில்லை.

இதனால் யாரும் சாகவும் இல்லை. காரணம் சிக்கந்தர் பாய் போன்ற காற்றுக்காரர்கள். பலகையில் ஒரு வீட்டின் விளக்கு அணைந்தால், காற்றுக்காரர் அந்த வீட்டு வாசலுக்குப் போய் வால்வைக் கையால் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன்னால் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளிருந்து ‘இருக்கேன் பாய்’ என்று குரல் வந்தால், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எந்த விதியிலும் அந்தத் தட்டு இல்லை. ஏன் தட்டுகிறார் என்று நாங்கள் யோசித்ததும் இல்லை. அதை ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தோம்.

பலகை கிழடாகிவிட்டது. புதிய இருப்பு அமைப்பு வேண்டும், வால்வுகளையும் அதுவே திருப்ப வேண்டும் என்று முடிவானது. எப்படி உருவாக்குவது என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. நிர்வாகத் தலைவர் வாகீசன் இரண்டு பக்கத்தையும் பகைக்க விரும்பாதவர். கீழ்ப்பாதிக்கு ஒரு முறையில், மேல்பாதிக்கு மற்றொரு முறையில் உருவாக்குவோம். ஒப்பிட்டுப் பார்த்து எது சிறந்ததோ அதை ஊர் முழுதும் வைத்துக்கொள்வோம் என்றார். ஒப்பீட்டுக் குழு ஒன்று அமைந்தது. அதன் முதல் விதி: ஒரு குழு மற்றக் குழுவுடன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. பேசினால் ஒப்பீடு கலங்கிவிடும்.

கீழ்ப்பாதி தணிகையிடம் வந்தது. அவருடையது முழுவரைவு முறை. எல்லோரையும் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி, எழுதியதற்கு எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கணினிக்கு முதல் கட்டளையை எழுதவே உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் எதையும் மாற்றக்கூடாது. பாலம் பாதி கட்டியபின் ஆற்றை நகர்த்தச் சொல்பவர்களிடமிருந்து தப்பிக்க அதுதான் வழி என்பார். ஆற்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் புரிந்தது.

ஒரு வருடம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் சிக்கந்தர் பாயைக் கேட்டார். நான் அடுப்பருகே இருந்தேன்.

“பலகை ஒரு வீட்டைக் காலின்னு காட்டுது பாய். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“காத்த இறக்கிடுவேன் சார்.”

“அதுக்கு முன்னாடி?”

பாய் தேநீர்க் குவளையை ஒரு சுற்றுச் சுற்றினார். “அதுக்கு முன்னாடி என்ன சார் இருக்கு? விதிப்படிதான்.”

“வீட்டுல யாராச்சும் இருந்துட்டா?”

“காலின்னா காலிதானே. யாரு இருக்கப் போறா?”

தட்டுவேன் என்று சொன்னால் ஏன் தட்டுகிறீர்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஊர் முழுக்கப் பை வைத்திருப்பது தெரியும் என்றாகிவிடும். பாய் யாரையும் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. தணிகை அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிந்துகொண்டார். பாய் போனபின் நான் கேட்டேன்.

“பாய் தட்டுவாரே, அதச் சொல்லலையே?”

“அவர் சொல்லலை.”

“உங்களுக்குத் தெரியும்ல? போன வாரம்கூட நீங்கதான் ‘இருக்கேன் பாய்’னு கத்தினீங்க.”

“எனக்குத் தெரிஞ்சத எழுதினா அது என் அமைப்பாயிடும். கேட்டத எழுதினாத்தான் ஊரோட அமைப்பு. இந்த முறைக்கே உயிர் அதுலதான் இருக்கு, வல்லி.”

“பை பத்திக் கேட்டீங்களா?”

“எல்லார்கிட்டயும் கேட்டேன். யாரும் பயன்படுத்தறது இல்லையாம்.” கொஞ்சம் நிறுத்தி, “கேட்டவங்க பட்டியல்ல நானும் உண்டு. நானும் இல்லைன்னுதான் சொன்னேன்” என்றார். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவ்வளவு சிரித்தது எதற்கென்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. குற்றம் என்று தோன்றாத ஒன்றைச் சேர்ந்து செய்பவர்களின் சிரிப்பு அது.

மேல்பாதி ரெஜினாவுக்குப் போனது. அவள் தணிகையுடன் ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடையது வாரவளர்ப்பு முறை. யாரையும் கேட்டுக்கொண்டு காலம் கழிக்கமாட்டாள். முதல் வாரமே ஏதோ ஒன்று ஓடும், நொண்டியாக. வாரக் கடைசியில் ஊரைக் கூட்டி, என்ன பிடிக்கவில்லை என்று கேட்பாள். அடுத்த வாரம் அதைத் திருத்துவாள். மனிதர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்கள், ஆனால் என்ன பிடிக்கவில்லை என்று சொல்வதில் வல்லவர்கள் என்பது அவள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் தவறில்லை. கேட்பதற்குப் பதிலாக மேல்பாதிக் காற்றுக்காரர்களின் பின்னால் நடந்தாள். தட்டுவதைக் கண்ணால் பார்த்தாள். ஏன் என்று கேட்கவும் இல்லை. செய்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும் என்று, அடுத்த வாரமே அமைப்பில் ஒரு தட்டொலியைச் சேர்த்தாள். காற்றை இறக்கும் முன் கதவு தானாகவே டொக் டொக் என்று ஒலிக்கும். உள்ளே யாராவது குரல் கொடுத்தால் வால்வு திரும்பாது.

வாரக் கூடலில் அதைக் கிழித்துவிட்டார்கள்.

“ஏம்மா, பக்கத்து வீட்டுக்காரன் வெளிய போனா என் சுவத்துல ஏன் தட்டுது? ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்தவனுக்குத் தூக்கம் வேணாமா?”

“குழந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சு, உடனே டொக்கு டொக்குன்னு. உங்க வீட்டுல குழந்தை இல்லன்னா இப்படியா?”

“பாதுகாப்புக்குத்தான்...” என்று ரெஜினா ஆரம்பித்தாள்.

“என்ன பாதுகாப்பு? காலி வீட்டுல யாரும்மா இருக்காங்க?”

அதைக் கேட்டவரின் வீட்டில் பைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கூடலில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரெஜினாவும் திறக்கவில்லை, அவளிடமும் பை உண்டு. ஒலியைக் குறைத்துப் பார்த்தாள். குறை நிற்கவில்லை. ஊர் கேட்பதைச் செய்வதுதான் அவள் முறை. தட்டொலியை எடுத்துவிட்டாள். அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த பாராட்டு அதற்கு முன்பு எப்போதும் கிடைத்ததில்லையாம்.

ஆக, ஒரு பாதியில் தட்டு உள்ளே வரவே இல்லை. மறு பாதியில் உள்ளே வந்து வெளியேறியது. இரண்டு முறைகளும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரே இடத்தில் வந்து நின்றன. அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க ஒரு வாய்ப்பு இருந்தது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

ரெஜினா மாதம் ஒருமுறை எங்களோடு சாப்பிட வருவாள். தட்டொலியை எடுத்த வாரத்திலும் வந்தாள். காளான் வறுவலைக் கொறித்துக்கொண்டே தணிகையை வம்புக்கு இழுத்தாள்.

“என்னடா, இன்னும் கேள்விதான் கேட்டுட்டிருக்கியா? என் பாதியில அமைப்பு ஓடுது. உன் பாதியில பேனாதான் ஓடுது.”

“உன்னோடது ஓடலடி, நொண்டுது. வாரம் ஒரு காலை மாத்தறே.”

“நீ காலே இல்லாம ஒரு வருஷமா உக்காந்திருக்கே. வல்லி, இவன் உன்ன பொண்ணு பார்க்க வந்தப்பவும் வரைவு கொண்டாந்தானா?”

“கொண்டாந்தார்” என்றேன். “நான்தான் ஒப்புதல் குடுத்துத் தொலைச்சேன்.”

சிரித்து ஓய்ந்தபின் ரெஜினாவின் முகம் கொஞ்சம் மாறியது. “இல்லடா, ஒண்ணு கேக்கணும். இந்த வாரம் ஒண்ண எடுத்துட்டேன். மனசுக்கு என்னவோ சரியாப் படல. உங்க பக்கத்துக் காத்துக்காரங்க...”

தணிகை கையை உயர்த்திவிட்டார். “சொல்லாத.”

“அட, சும்மா...”

“வேணாம் ரெஜினா. நீ சொன்னா நான் அதப் பத்தி யோசிப்பேன். யோசிச்சா வரைவுல ஏறிடும். அப்புறம் எது உன் முறையால வந்துச்சு, எது என் முறையால வந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்? ஜெயிச்சாலும் அது ஜெயிப்பு இல்ல.”

“நீ ஒரு நேர்மைப் பிசாசுடா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்தாள்.

நேர்மையாகத்தான் இருந்தார். தன் பையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்.

ஒப்பீட்டு நாளன்று நான் பள்ளிக் குழந்தைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வருகை எல்லோருக்கும் கட்டாயம். அன்று முதல் காற்றுக்காரர்கள் வால்வைத் தொடவேண்டியதில்லை. இரண்டு அமைப்புகளும் தத்தம் பாதியைத் தாமே பார்த்துக்கொள்ளும். வாசலில் குணாளன் ஊதிவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, சட்டைக்குள்ளிருந்த பையை ஊதுகண்ணில் அமுக்கினான். பலகையில் தணிகைநாதன் என்ற பெயர் ஒளிர்ந்தது. அவனுக்குப் பின்னால் நின்றவரும் அமுக்கினார். அதற்குப் பின்னால் நின்றவரும். பழகிய காட்சி என்பதால் குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இரண்டு பெரிய வட்டங்களை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முள். எந்தப் பாதியில் எவ்வளவு காற்று மிச்சமாகிறது என்று முள் காட்டும். யாருடைய முள் முதலில் உச்சியைத் தொடுகிறதோ அந்த முறை வென்றது. ஊர் முழுக்க ஒரே இடத்தில் கூடி வீடுகள் எல்லாம் காலியாக இருக்கும் நாளைவிடச் சிறந்த சோதனை நாள் கிடைக்காது என்று குழு முடிவு செய்திருந்தது.

வாகீசன் பலகையைப் பார்த்தார். எல்லாப் பெயரும் ஒளிர்ந்தன. “வருகை முழுமை!” என்றார். பாதி நாற்காலிகள் காலியாக இருந்த கூடம் கைதட்டியது. அவரும் அந்த நாற்காலிகளைப் பார்த்தபடிதான் பேசினார்.

“உங்கள் ஆர்வத்துக்கு என் நன்றி. வராதவர் என்று ஒருவர்கூட இல்லை. இதுதான் நெடுங்குழல்!”

வால்வுகள் தாமாகத் திரும்பத் தொடங்கின. முட்கள் அசைந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதுதான் கடினம். ஏனென்றால் அது மகிழ்ச்சியாக இருந்தது. கீழ்ப்பாதியின் முள் ஏறியபோது எங்கள் பக்கம் எழுந்து நின்று கூவியது. மேல்பாதியின் முள் அதைத் தாண்டியபோது அவர்கள் கூவினார்கள். “ஏறு ஏறு!” என்று என் வகுப்புக் குழந்தைகள் நாற்காலிமேல் நின்று குதித்தன. நானும் கைதட்டினேன். தணிகை ஜெயித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் எழுப்பிச் சொல்ல வேண்டும், நீங்கள் வராததால்தான் ஜெயித்தீர்கள் என்று கேலி செய்ய வேண்டும் என்று வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்தேன்.

காற்று மெல்ல இறங்கினால் மூச்சு திணறாது. காது கொஞ்சம் அடைக்கும். பிறகு தூக்கம் வரும். விழித்திருந்தவர்கள் காது அடைத்ததும் பதறி எழுந்து, உள்ளிருந்தே ஊதுகண்ணில் ஊதி வால்வை நிறுத்திக்கொண்டார்கள். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கம் இன்னும் ஆழமாகியது. இரவு வேலை முடித்துப் படுத்தவர்கள், காய்ச்சல்காரர்கள், தலைவலிக்கு மாத்திரை போட்டவர்கள்.

சிக்கந்தர் பாய் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கைகளைத் தொடைமேல் வைத்து, செய்ய எதுவும் இல்லாதவராக உட்கார்ந்திருந்தார். முட்கள் இரண்டும் பாதிக்கு மேல் ஏறியபோது என் பக்கம் சாய்ந்தார்.

“டீச்சர்... சார் எங்க?”

“வீட்டுல. தலைவலி.”

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். “அப்ப யாரு தட்டுனாங்க?”

நான் எழுந்து ஓடினேன். எனக்கு முன்னால் அவர் ஓடினார். அந்த வயதில் அவரால் அப்படி ஓட முடியும் என்று நினைத்ததில்லை. எங்களுக்குப் பின்னால் கூடம் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

காற்று இறங்கிய அறையின் கதவு திறக்காது. திறந்தால் தெருவின் காற்று உள்ளே பாய்ந்துவிடும் என்பதற்கான பாதுகாப்பு. தணிகையின் வரைவில் அது மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்த பகுதி. நான் ஊதினேன். கதவின்மேல் ‘காற்று நிரம்புகிறது, பொறுக்கவும்’ என்று எழுத்து ஓடியது. அவர் தேர்ந்தெடுத்த சொற்கள். ‘காத்திருக்கவும்’ என்று போடலாமா ‘பொறுக்கவும்’ என்று போடலாமா என்று என்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார். பாய் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். “சார்! சார்! இருக்கீங்களா சார்!”

கதவு திறந்தபோது தணிகை நான் விட்டுப்போன மாதிரியே, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை கலையவில்லை.

அன்று தெருவெங்கும் மனிதர்கள் தங்கள் வீட்டுக் கதவுகளையே தட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்பாதியிலும் அப்படித்தான் என்று ரெஜினா பின்னால் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. “அன்னிக்கு அவன் கைய உயர்த்தினான்ல, நான் அந்தக் கையத் தட்டிவிட்டுட்டுச் சொல்லியிருக்கணும்” என்றாள். இப்போது அவள் எந்த அமைப்பும் உருவாக்குவதில்லை. தூசி வாருகிறாள், தன் முறைக்கும் பிறர் முறைக்கும்.

குணாளன் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அக்கா, பை சூடா இருந்துச்சு. அமுக்கும்போதுகூடச் சூடாத்தான் இருந்துச்சு.”

அவனை நான் வெறுக்க முயன்றேன். அவன் அன்று செய்ததை நான் பலருக்குச் செய்திருக்கிறேன். எனக்காகப் பலர் செய்திருக்கிறார்கள். வெறுப்பதற்கு எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஒப்பீட்டுக் குழு சில வாரங்களில் தன் அறிக்கையைத் தந்தது. அதைப் பொதுவில் வாசித்தார்கள். இரு பாதிகளிலும் மிச்சமான காற்றின் அளவு ஏறக்குறைய சமம். இரு பாதிகளிலும் இறந்தவர்களின் எண்ணிக்கை சரியாகச் சமம். ஆகவே இந்த இரண்டு முறைகளில் எது சிறந்தது என்று கிடைத்த தரவுகளைக் கொண்டு சொல்ல இயலாது. வேறுபாடு தெளிவாகத் தெரியும்வரை ஒப்பீட்டைப் புதிதாக, மூன்றாவது முறை ஒன்றையும் சேர்த்து, மீண்டும் நடத்தப் பரிந்துரைக்கப்படுகிறது. அதுவரை இடைக்கால ஏற்பாடாகக் காற்றுக்காரர்கள் பழையபடி கையால் வால்வைத் திருப்புவார்கள்.

மூன்றாவது முறைக்காரர்கள் உடனே வேலையைத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு ஓர் இளம்பெண் வந்தாள். மரியாதையாகப் பேசினாள், கண்கள் கலங்கியிருந்தன. துயரப்பட்ட வீடுகளிலிருந்து தொடங்குவதுதான் அவர்கள் முறையாம்.

“மன்னிக்கணும் மேடம், கேட்டுத்தான் ஆகணும். உங்க கணவர் மூச்சுப்பை பயன்படுத்தினாரா?”

“ஆமா.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “மத்த வீடுகள்ல யாரும்... எல்லாரும் ஊதுகண் பழுதுன்னுதான் சொன்னாங்க.”

“எல்லாரும் பயன்படுத்தறோம். நானும். உங்க கைப்பையிலயும் ஒண்ணு இருக்கும்.”

அவள் கை தானாகவே கைப்பையின்மேல் போய் அமர்ந்தது. “மேடம், இறந்தவரோட பேருக்கு ஒரு களங்கமா...” என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், “ஒரே ஒரு பதில் மட்டும் வேற மாதிரி வந்தா, அத விதிவிலக்குன்னு ஒதுக்கிடணும். அது எங்க முறை” என்றாள். அவளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

மற்ற வீடுகள் ஏன் அப்படிச் சொல்லின என்பது எனக்குப் புரிகிறது. தன் மகன் கட்டாய வருகையை ஏமாற்றிவிட்டுப் படுத்திருந்தான் என்று எந்தத் தாய் சொல்வாள்? கருவி பழுது என்பது அவனுக்குச் செய்யும் கடைசி மரியாதை. அந்த மரியாதை எல்லாம் சேர்ந்து இன்னொரு அமைப்பாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

சிக்கந்தர் பாய் மறுபடி தட்டத் தொடங்கினார். முன்பு இரண்டு தட்டு; இப்போது குரல் வராவிட்டாலும் பலமுறை தட்டி, காதைக் கதவில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வால்வைத் தொடுகிறார். விதியில் தட்டைச் சேர்க்கலாமே என்று அவரிடம் சொன்னேன். “நான் தட்டறேன் டீச்சர், நான் இருக்கற வரைக்கும் தட்டறேன். எழுதிக் குடுக்கச் சொல்லாதீங்க. எழுதினா ஊரையே மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்” என்றார். அழுதார். ஆனால் எழுதித் தரவில்லை.

தட்டு திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி ஊரில் பரவியது. மக்களின் முகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அச்சம் தெளிந்தது.

இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அதற்குப் பிறகுதான் நடந்தது. கட்டாய வருகை என்று அறிவித்தார்கள். நான் சீக்கிரமே போய், முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் படங்கள். தணிகையின் படத்தில் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார். வாசலில் வரிசை நகர்ந்தது. ஊதுகண்ணின் சிறு மணி விடாமல் ஒலித்தது. ஓர் ஆள் உள்ளே வருவதற்குள் பல முறை ஒலித்தது. குணாளனும் வந்தான். அழுது வீங்கிய முகம். அவன் சட்டையும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கி முடித்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

வாகீசன் மேடையேறினார். அவருக்கும் குரல் தழுதழுத்தது, பொய்யாக இல்லை. பலகையை நிமிர்ந்து பார்த்தார். இறந்தவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட பலகையில், எஞ்சிய எல்லாப் பெயர்களும் ஒளிர்ந்தன.

“இந்தத் துயரத்தில் பங்கேற்க நெடுங்குழல் முழுவதும் இங்கே வந்திருக்கிறது” என்றார். “வராதவர் என்று ஒருவர்கூட இல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசையில் நாங்கள் சிலர். பின்னால் அங்கொருவர், இங்கொருவர். நடுவே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அனைவரும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கும்படி வாகீசன் கேட்டுக்கொண்டார். இருந்த நாங்கள் எழுந்து நின்றோம்.

பலகையை நம்பி ஊர் மொத்தத்துக்குமான காற்றையும் கூடத்துக்குள் அனுப்பியிருந்தார்கள். கண்ணை மூடி ஆழமாக இழுத்தேன். காற்று மிக நன்றாக இருந்தது.